ஹவில்தார் வீட்டு வெயில்

உலகத்தில் இரும்பு துருப்பிடிக்காத ஒரே முகவரி தென்காசி மேலத்தெருவில் இருக்கிறது என்று ஓய்வுபெற்ற ஹவில்தார் குத்தாலிங்கம் அறிவித்தபோது யாரும் மறுக்கவில்லை. ஊரே ஆனிச் சாரலில் ஊறிக்கொண்டிருக்க, அவர் வீட்டைச் சுற்றி நாற்பதடிக்கு ஒரு சொட்டு விழுவதில்லை. ஜெய்சால்மர் மணலில் காவல் நின்றபோது அவர் பூட்ஸில் இடறிய இரும்பு விண்கல்தான் காரணம். தேங்காய் அளவுள்ள அந்தக் கல்லை டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்து கூடத்து மேசையில் வைத்தார். தான் கிடந்த பாலைவனத்தையும் அது கூடவே அழைத்து வந்திருந்தது. மொட்டைமாடியில் மணல் சேர்ந்தது. மாதம் இரண்டு சாக்கு அள்ளிக் கொத்தனாருக்குக் கொடுத்தார்கள்.

"பத்தாயிரம் வருசம் வெட்டவெளியில கெடந்த கல்லு வே இது. ஒரு பொட்டுத் துரு உண்டுமா? ஒழுக்கம்!" என்பார். துரு அவரைப் பொறுத்தவரை ஒழுக்கக்கேடு. குற்றாலத்து அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிடப்பவர்களைக் கண்டால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். "சட்டியில இருந்து எடுத்துப் போட்ட வடை மாதிரில்லா கெடக்கானுவ!"

தெருவின் கவலை வேறு. சாரல் மாதத்தில் எந்த வீட்டிலும் துணி காயாது. முதலில் எதிர்வீட்டுக் காளீஸ்வரி பிள்ளைகளின் யூனிபார்மைக் கொண்டுவந்தாள். பிறகு மிளகாய் வத்தல் வந்தது, அப்பளம் வந்தது, ஒரு கல்யாண வீட்டின் ஜமுக்காளம் முழுவதும் வந்தது. "இது வீடா, ஊர்த்துணி காயப்போடுத எடமா?" என்று அவர் குதித்தார். "வெயிலு என்ன ஒங்க பென்ஷன்லயா வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, மனைவி ஆவுடைத்தாய் இன்னொரு கொடி கட்டினாள்.

தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்த வருடம் நாற்பதடி முப்பதாயிற்று. கொரோனா முடிந்தபோது வெயில் வீட்டுச் சுவரோடு நின்றுகொண்டது. போன வருடம் கூடத்துக்குள்ளேயே தூறியது. விருந்தாளிகள் நாற்காலியை மேசைப் பக்கம் நகர்த்திப் போட்டுக் காபி குடித்தார்கள். கல்லின் அடியில் வெற்றிலைக் கறைபோல ஒரு கோடு தெரிந்தது. குத்தாலிங்கம் கொடிகளை எல்லாம் அறுத்தெறிந்தார். திங்கள்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் சாரல் மீது நடவடிக்கை கோரி மனுக் கொடுத்தார். சம்பந்தப்பட்ட துறை எது என்று மனுதாரரே தெரிவிக்கும்படி பதில் வந்தது. பாலைவனத்திலும் பிறகு இந்த வீட்டிலுமாகப் பதினேழு வருடம் உலர்ந்த காற்றில் நின்ற மனிதருக்கு ஈரத்தில் உறக்கம் பிடிக்காது. கல்லும் போய்விட்டால் அவருக்கு மிஞ்சுவது மற்ற எல்லோருக்கும் உள்ள தென்காசிதான்.

கல்லூரியில் நிலவியல் படிக்கும் மகள் ஸ்வாதி லென்ஸ் வைத்துப் பார்த்தாள். "யப்பா, இது அங்கனயே துருப்பிடிச்சிட்டுத்தான் இருந்திருக்கு. மழை கம்மிங்கதால மெதுவா பிடிச்சிருக்கு, அம்புட்டுதான். மணல்ல உள்ள உப்பு வேற உள்ள ஏறிருக்கு. இங்கன ஈரம் பட்டதும் அது வேலையைக் காட்டுது. துரு இரும்பை விட எடம் கூட கேக்கும், உள்ள இருந்தே பொளந்துரும்."

"பின்ன என்னட்டி செய்யச் சொல்லுத?"

"நல்லா காயவச்சு எண்ணெ தடவுங்க."

"எண்ணெயா? ஏட்டி, பட்டாளத்துக்காரன் வீட்டுலயா? போ அங்கன!"

ஆடி பிறந்த அன்று கல் 'டக்'கென்று ஒரு வெடிப்பு விட்டது. வெயில் மேசை அகலத்துக்குச் சுருங்கியது. குத்தாலிங்கம் மூன்று நாள் மேசைக்கடியில் படுத்துத் தூங்கினார்.

நாலாம் நாள் காலை, துண்டில் சுற்றிய பொட்டலத்தோடு குற்றாலம் பஸ் ஏறினார். எண்ணெய் தேய்த்துவிடும் ஒலி முகம்மது பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். "கல்லுக்கா அண்ணாச்சி, ஒங்களுக்கா?"

குத்தாலிங்கம் இரண்டு பக்கமும் பார்த்தார். தெரிந்த முகம் எதுவும் இல்லை. சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார்.

"ரெண்டு பேருக்கும்."

எண்ணெய் வழியும் கல்லை அணைத்துக்கொண்டு அவர் உள்ளே போய் நின்றபோது, பேரருவி அவரைச் சுற்றி மூன்று முழம் விலகி விழுந்தது. "பெரியவரே, ஓரமா நில்லும், பின்னால ஆளு குளிக்கணும்லா" என்றார் காவலுக்கு நின்ற போலீஸ்காரர். அவர் ஓரமாக நின்றார். ஒருவர் செல்போனை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். குளித்து முடித்த இன்னொருவர் ஈரத் துண்டை அவர் தோளில் போட்டார். குத்தாலிங்கம் அதை உதறி, காயட்டும் என்று விரித்துப் போட்டுக்கொண்டார்.