தாடை கனத்த பொம்மை

இந்த முறையும் நிலையியல் பாடத்தில் தோற்றால் ஜுசாராவுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடையாது. மகள் பிறந்தபோது பாதியில் விட்ட கட்டடப் பொறியியலை, மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் மறுபடி கையில் எடுத்திருந்தாள். வீடு இருக்கும் ஒலிண்டாவிலிருந்து வகுப்பு நடக்கும் ரெசிஃபேவுக்குப் போகும் பேருந்தில் தினமும் புத்தகத்தை மடியில் விரிப்பாள். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் கண் சொக்கும். வகுப்பில் பிள்ளைகள் அவளை "அத்தை" என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் தேர்வில் அத்தைக்குத்தான் கடைசி மதிப்பெண்.

அடுத்த தேர்வுக்குப் பதிலாகப் பேராசிரியை நெய்டே ஒரு வேலை கொடுத்தார்.

"எதையாவது நீங்களே செஞ்சு கொண்டாங்க. அது ஏன் விழாம நிக்குதுன்னு கணக்குப் போட்டுக் காட்டணும். அவ்வளவுதான்."

எல்லோரும் ஐஸ்குச்சியில் பாலம் கட்டினார்கள். ஜுசாராவும் கட்டத் தொடங்கினாள். பசை காய்வதற்குள் அலுத்துவிட்டது.

வீட்டு முற்றத்தில் வேறு வேலையும் கிடந்தது. கார்னிவல் திருவிழாவில் ஆடும் அவர்கள் தெருவின் ராட்சதப் பொம்மைக்கு அவள்தான் வருஷாவருஷம் காகிதக்கூழில் தலை செய்வாள். பேருந்து ஓட்டும் அவள் கணவன் வால்டோ பொம்மையின் சட்டைக்குள் நுழைந்து அதைத் தலையில் சுமந்து ஆடுவான். இந்த வருஷப் பொம்மை ரொட்டிக்கடை சேவேரினோவின் உருவம். ஆளுக்கு முன்னால் அவர் தாடை வரும்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம் பார்த்தார்கள். பொம்மை மூக்குக் குப்புறச் சாய்ந்தது.

"ஒழுங்கா நில்லு வால்டோ!"

"நான் ஒழுங்காத்தான் நிக்கிறேன்." சட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. "உன் ஆளுதான் குடிச்சிருக்காரு. கடைக்கே இழுத்துட்டுப் போறாரு, ஜு!"

"தாடையைக் கொஞ்சம் செதுக்கிடலாமா, சேவேரினோ?" வேடிக்கை பார்க்க வந்திருந்த நிஜ சேவேரினோவிடம் ஜுசாரா கேட்டாள்.

"செதுக்குவியா? எங்கப்பா கொடுத்த தாடை. அதுல கை வெச்சா உன் வீட்டுக்கு ரொட்டி கிடையாது, சொல்லிட்டேன்."

பின்பக்கம் கனம் கூட்ட, வழக்கம்போலப் பொம்மையின் முதுகில் பழந்துணியைத் திணித்தார்கள். இந்தத் தாடைக்கு அது போதவில்லை. இன்னும் திணித்தால் வால்டோவின் கழுத்து ஒடிந்துவிடும். அவனுடைய உச்சந்தலை தாங்கும் இடத்தையும், தாடை எட்டும் தூரத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்த ஜுசாரா சட்டென்று சிரித்தாள். எடை, தூரம், நடுவில் ஒரு தாங்குபுள்ளி. இத்தனை நாள் அவளைத் தூங்கவைத்த புத்தகப் பக்கம் இதுதான்.

தலையைத் தூக்கிக்கொண்டு போய் ரொட்டிக்கடைத் தராசில் நிறுத்தாள். முதுகில் ஒரு கழி நீட்டி, அதன் நுனியில் கயிற்றால் மணல்பை தொங்கவிட்டால் கொஞ்சம் மணலே போதும் என்று கணக்குச் சொன்னது. சொன்ன இடத்தில் கட்டினாள். பொம்மை நிமிர்ந்தது.

"வால்டோ, அசையாதே! அசையாதே!" என்று அவளே குதித்தாள். அதன்பிறகும் அவள் கணக்குத் தாளை விட்டு எழவில்லை; மத்தியானச் சோற்றை அன்று அவன்தான் சமைத்தான்.

செய்ததைக் காட்ட வேண்டிய நாளன்று துறை முற்றத்தில், மாமரத்தடியில், வால்டோவின் தலைமேல் பொம்மை சேவேரினோ நட்ட கம்பமாக நின்றார். நெய்டே கணக்கை வரிவரியாகக் கேட்டார். ஜுசாரா தாளைப் பார்க்காமலே சொன்னாள்.

"அத்தை, மாமாவை ஆட விடுங்க!" என்றான் ஒரு பையன்.

வால்டோவுக்கு அது போதும். கையில் குடை சுழற்றி ஆடும் ஃப்ரெவோ ஆட்டத்தில் குடையில்லாமலே இறங்கி, ஒரு சுழற்சி சுழன்றான். கயிற்றில் தொங்கிய மணல்பை வெளியே பறந்தது. தாடை வானத்தைப் பார்க்க, பொம்மை மல்லாந்து மாமரத்தில் மோதியது. முற்றமே சிரித்தது.

நெய்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் கேட்டது நிக்கிறதை. அது நின்னுச்சு, கணக்கும் சரி. நீ பாஸ்மா. ஆடறது அடுத்த வருஷப் பாடம்."

வால்டோ உள்ளேயிருந்து கூவினான். "பாஸாயிட்டியா! ஜு, நான் வெளிய வரலாமா?"

அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பையன் கையிலிருந்த சுண்ணக்கட்டியை வாங்கி, சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு வட்டம் வரைந்துகொண்டிருந்தாள்.

"டீச்சர், பை வெளிய போகப்போக தூரம் கூடுது, அதான் பின்னால இழுக்குது. எவ்வளவு வேகத்துக்கு எவ்வளவு தூரம் போகும்?"

"அடுத்த வருஷம்னு சொன்னேனே."

"அதுவரைக்கும் யாரு காத்திருக்கிறது? கார்னிவல் வந்துடுமே. வால்டோ, இன்னொரு தடவை சுத்து. மெதுவா."

"பசிக்குது ஜு!"

"ஒரே ஒரு சுத்து."

அவன் சுற்றினான்.