லயத்து வாசலில் ரதியின் ஒப்பாரி

2025 மார்ச் 5. பசறையிலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்துக்கு விளம்பரம் தேடப்போய், விழாக்குழுவினர் ஒரு குடும்பத்தின் நிம்மதியைக் குலைத்துவிட்டனர். அக்குழுவின் தலைவர் ஆசிரியரான நானே என்பதைச் சொல்ல நாணுகிறேன்.

காமனின் மனைவி ரதியாக வேடமிடுபவன் தவசீலன். காமன் எரிந்தபின் ரதி பாடும் ஒப்பாரியைப் பூரணை இரவில், கூத்துத் திடலில் மட்டுமே பாட வேண்டும். வீட்டு வாசலில் பாடினால் அவ்வீட்டில் சாவு விழும் என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. செயலாளர் கஜேந்திரனோ அதை முன்கூட்டியே படம்பிடித்து முகநூலில் இட விரும்பினார். அருகே சுற்றுலாப் பயணிகள் குவியும் எல்ல என்னும் ஊரை நினைத்து அவர் சொன்னது:

"எல்லயில கெடக்கிற வெள்ளக்காரனெல்லாம் பசறைக்கு பஸ் ஏறிருவான் மாஸ்டர்!"

படம்பிடிக்கவிருந்த அன்று திடலில் நல்ல மழை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், தவசீலனின் வாசலிலேயே பாடட்டும் என்றவன் நான். என் சொல்லைத் தட்ட இயலாமல் அவனும் பாடினான்; கஜேந்திரன் அதைப் படம்பிடித்து முகநூலில் இட்டார்.

அப்போது வீட்டில் இல்லாது, பின்னர் பதிவைக் கண்ட அவன் மனைவி பிரசாந்தினி, நிறைமாதக் கர்ப்பிணி, என் வீட்டுக்கே வந்தாள்.

"புள்ள பொறக்கப்போற வீட்டுல தாலியறுத்தவ பாட்டப் பாட வச்சிட்டீங்களே! ஒங்க வாசல்ல பாடச் சொல்லுவீங்களா மாஸ்டர்?"

நாற்காலியை இழுத்துப் போட்டேன்; அவள் உட்காரவில்லை.

"ஊரு போன்ல அந்தப் பாட்டு ஓடுற வரைக்கும் நான் இங்க திரும்ப மாட்டேன்" என்று கூறி, அப்புத்தளையிலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். கஜேந்திரன் பதிவை நீக்கினார். அதற்குள் பலர் அதைப் பகிர்ந்திருந்தனர்.

இதை வாசிக்கும் நீங்கள், அக்காணொளி உங்கள் கைப்பேசியில் இருப்பின் இப்பொழுதே அழித்துவிடுங்கள். எவருக்கும் அனுப்பாதீர்கள்.