நடுவில் படாத அடி

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நண்டில் ஆரம்பித்தது. பழவேற்காட்டுக்கு நான் நண்டு வாங்கத்தான் போனேன். படகு வரக் காத்திருந்தபோது, பக்கத்தில் ஒருவர் லேப்டாப் திரையில் வெள்ளி நிறத்தில் ஏதோ ஒரு கட்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். பார்க்கக் கொழுக்கட்டை மாதிரி இருந்தது. என்னவென்று கேட்டேன்.

"கோல்ஃப் மட்டையோட தலை சார்" என்றார்.

மீனவக் குப்பம், கோல்ஃப் மட்டை. எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டையும் அருகருகே வைத்தால் கதை தன்னால் ஓடும் என்று நினைத்தேன். எட்டு மாதமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

அவருக்கு வரதன் என்று பெயர் வைத்திருக்கிறேன். நேரில் 'அவர்', கதைக்குள் 'அவன்'. அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது, கதைக்காரர்களின் பழக்கம் அது. குப்பத்தின் பெயரை எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் பசியாவரம் தீவு தெரியும். அதற்குமேல் கேட்காதீர்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "வரதன் ஏரியைப் பார்த்தான். ஏரியும் வரதனை"

வேண்டாம். ஏரிக்கு வேறு வேலை இருக்கிறது.

இரண்டாம் முயற்சி: "விடியற்காலை. தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக"

(பழவேற்காட்டுக் கதையில் பூநாரை இல்லையா என்று பத்திரிகை ஆசிரியர் கேட்பார். இருக்கிறது. மேலே பறந்துகொண்டிருந்தது, இப்போது போய்விட்டது.)

மூன்றாம் முயற்சியில் சரண்யா என்று ஒரு மனைவியைக் கொண்டுவந்தேன். இரண்டு பக்கம் முழுக்க மீன் கழுவினாள். அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தேன். நிஜ வரதனின் மனைவி பொன்னேரியில் கணக்கு டீச்சர். மீன் கழுவுவது வரதன்தான்.

3

வரதனின் வேலையைச் சொல்லாமல் கதை நகராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு மட்டைகளுக்கு வடிவம் போட்டுக்கொடுக்கும் ஒரு கம்பெனியில் அவன் டிசைனர். வாரத்தில் இரண்டு நாள் சென்னை, மிச்ச நாள் வீடு. பந்து மட்டையின் நட்டநடுவில் பட்டால் நேராகப் போகும். ஓரத்தில் பட்டால் மட்டையின் தலை திருகிக்கொள்ளும், பந்து புதருக்குள் போகும். காசுள்ளவர்களுக்கும் நடுவில் அடிக்க வருவதில்லை. அதனால் தலையின் நடுவில் இருக்கும் கனத்தைச் சுரண்டி இரண்டு ஓரத்திலும் வைக்கிறார்கள். அப்புறம் அது லேசில் திருகாது. அரை அங்குலம் தள்ளி அடித்தாலும் பந்து ஏறக்குறைய போகவேண்டிய இடத்துக்கே போகும்.* அந்தத் தொழிலில் இதை மன்னிக்கும் மட்டை என்கிறார்கள்.

வரதன் பிறந்ததிலிருந்து ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை. ஒருமுறை கம்பெனியிலிருந்து மைதானத்துக்குக் கூட்டிப்போனார்கள். வாசலில் இருந்தவர் அவன் செருப்பைப் பார்த்துவிட்டு வெளியிலேயே நிற்கச் சொன்னார். அவன் வரைந்த மட்டை உள்ளே போனது.

அப்பா திருவேங்கடத்துக்கு அவன் இப்படித்தான் விளக்கினான்: "நைனா, படகு நடுவுல ரெண்டு பேரும் நின்னா சட்டுனு திரும்பிடும். ஆளுக்கொரு கோடில நின்னா லேசுல திரும்பாது. அதான் என் வேலை."

திருவேங்கடம் யோசித்துவிட்டு, "அப்ப அவன் திரும்பணும்னு நெனச்சா இன்னா பண்ணுவான்?" என்றார்.

 கம்பெனியில் யாரும் இதைக் கேட்டதில்லை.

* ஒரு பௌதிக ஆசிரியரிடம் காட்டினேன். "ஏறக்குறைய சரி" என்றார். எனக்கு அது போதும்.

4

இனிமேல்தான் கதை.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், கழி நட்டு வலை கட்டும் இடங்களை ஊர் முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறது. இதற்குப் பாடு என்று பெயர். உன் முறை வரும் நாளில் உன் இடத்தில் நீ வலை கட்டலாம், அடுத்தவன் இடத்தில் கூடாது. பாடு வரிசையில் பெயர் இருப்பவனுக்குத்தான் ஊர்க்கூட்டத்தில் பேச்சு. திருவேங்கடத்துக்கு முட்டி போனபிறகு அவருடைய இடத்தில் வரதன் பெயர் ஏறியது. சம்பளம் வாங்குகிறவனுக்கு இது எதற்கு என்று கேட்டேன்.

"அந்தப் பேர் போச்சுன்னா, எங்க ஊட்லயே நான் வாடகைக்கு இருக்குறவன் சார்."

ஒவ்வொரு மழைக்கும் முகத்துவாரம் கொஞ்சம் நகரும். இடங்களும் கூடவே நகரும். மழை ஓய்ந்ததும் ஊர் ஆண்கள் படகில் போய், கலங்கரை விளக்கத்தையும் சவுக்குத் தோப்பையும் குறிபார்த்து எல்லைகளைப் புதிதாக வைப்பார்கள். யாரும் எழுதிவைப்பதில்லை. கண்ணால் பார்த்தவனுக்குத் தெரியும். இந்த வருஷம் அந்த நாளில் வரதன் கம்பெனி மீட்டிங்கில் இருந்தான். ஓரத்தில் நான்கு கிராம் கூட்டலாமா வேண்டாமா என்று மூன்று மணிநேரம் பேசினார்கள்.

பிறகு அவன் முறை வந்தது. போன வருஷத்து இடம் அவன் போனில் துல்லியமாகப் பதிந்திருந்தது. சித்தப்பா மகன் மனோஜைக் கூட்டிக்கொண்டு, சாயங்காலம் வெயில் இறங்கும்போது கழி நடப் போனான்.

"அண்ணே, கொஞ்சம் வடக்கால வந்துட்டோம் போல கீது."

"போல கீதாவது? இங்க பாருடா. புள்ளி மேல புள்ளி நிக்குது."

"புள்ளி நிக்குதுண்ணே. ஏரி நிக்கலியே."

வரதன் ஒரு நிமிஷம் கரையைப் பார்த்தான். அப்புறம் கழியை நட்டான்.

அது இந்த வருஷம் ஊர்க்காரர் பெரியசாமிக்கு வந்த இடம். மறுநாள் காலை வலையில் இறால் அப்படிக் கொட்டியது. வரதன் ஆயுசில் அப்படிப் பார்த்ததில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். பெரியசாமி புகார் சொன்னார். கோயில் வாசலில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, ஊர்த்தலைவரான நாட்டார் ஒரே கேள்விதான் கேட்டார்.

"தெரிஞ்சு நட்டியா, தெரியாம நட்டியா?"

நகரத்தில் இருக்கும் நீங்களும் நானும் உடனே "தெரியாமல்" என்போம், தப்பித்துவிட்டதாகவும் நினைப்போம். இங்கே கணக்கு வேறு. தெரிந்து நட்டால் திருட்டு. தண்டம் கட்டி, ஊர் காலில் விழுந்தால் விஷயம் முடிந்தது, பாடு வரிசையில் பெயர் இருக்கும். தெரியாமல் நட்டிருந்தால், தன் இடம் எதுவென்றே தெரியாதவனுக்குப் பாடு எதற்கு? பெயர் போய்விடும்.

பெரியசாமியே எழுந்து சொன்னார்: "திருடியிருந்தான்னா உட்றலாம் நாட்டாரே. யார்தான் திருடல? எடமே தெரியாதவன வச்சிகினு இன்னா பண்றது?"

பின்வரிசையில் திருவேங்கடம் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷத்தில் அடுத்தவன் இடத்தில் ஒரு கழி நட்டதில்லை என்பதைத் தவிர அவர் எதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. மகன் 'தெரிஞ்சு' என்றால் திருடனுக்கு அப்பா. 'தெரியாம' என்றால் ஒன்றும் தெரியாதவனுக்கு அப்பா.

வரதன் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தான். நாட்டார் யோசித்துச் சொல்லச் சொல்லி, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார். அந்தக் கூட்டம் வருகிற ஞாயிறு.

6

முடிவுகள்.

(அ) "தெரிஞ்சுதான் நட்டேன்" என்கிறான். காலில் விழுகிறான். பெயர் தங்குகிறது. திருவேங்கடம் எழுந்து, யாரையும் பார்க்காமல்

எழுதும்போது எனக்கே தொண்டை அடைத்தது. என் தொண்டை அடைத்தால் அது மோசமான எழுத்து என்று அனுபவத்தில் தெரியும்.

(ஆ) "தெரியல" என்கிறான். பெயர் போகிறது. உண்மைக்குக் கிடைத்த

உண்மையா? அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

(இ) வரதன் மணலில் மட்டையின் படம் வரைந்து, தள்ளிப் பட்டாலும் பொறுத்துக்கொள்வது எப்படி என்று விளக்குகிறான். ஊர் நெகிழ்ந்து அவனை மன்னிக்கிறது. இதை எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்து படித்ததும் கூசிப்போய்க் கிழித்துப்போட்டேன்.

7

சற்றுமுன் வரதனுக்குப் போன் செய்தேன். நிஜமாகவே உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மனோஜ் சொன்னான் சார், வடக்கால வந்துட்டோம்னு. கரையப் பார்த்தேன். தப்பு மாதிரிதான் இருந்துச்சு. போனைப் பார்த்தேன், சரி மாதிரி இருந்துச்சு. நட்டுட்டேன். இப்ப நான் தெரிஞ்சவனா, தெரியாதவனா? நீங்க எழுதறவரு, நீங்க சொல்லுங்க."

எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். நான்காம் பகுதியில், அவன் ஒரு நிமிஷம் கரையைப் பார்த்தான் என்று எழுதியபோது அது அழகான வாக்கியம் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

"ஒன்னு மட்டும் சார். ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி இது பத்திரிகைல வந்துடும்னீங்க. ஊர்ல படிப்பாங்க. நீங்க எத எழுதறீங்களோ அதான் என் பதில்னு ஆயிடும்."

முடிவு எழுதவில்லை என்று சொன்னேன். உண்மையாகவே அப்போதுதான் அதைத் தீர்மானித்தேன். ஆனால் போனை வைப்பதற்குள் யாரோ அதை அவர் கையிலிருந்து வாங்கினார்கள்.

"சார், வரதனோட நைனா பேசறேன். எம் புள்ளயப் பத்தி எழுதறீங்களாமே?"

"ஆமாங்க."

"எங்கிட்ட அவன் சொல்ல மாட்டேன்றான். நான் கேட்டா எந்திரிச்சுப் போய்டறான். ஒங்ககிட்டதான் எல்லாம் சொல்லிக்கிறானாம். ஞாயித்துக்கெழம ஊர் முன்னாடி தெரிஞ்சிக்கிறதுக்கு பதிலா இப்பவே தெரிஞ்சிக்கிறேன். அவன் திருடனா, எடம் தெரியாதவனா?"

நான் எட்டு மாதமாக இந்தக் கதையோடு இருக்கிறேன், எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் முழுவதையும் படித்துவிட்டீர்கள். நான் மறைத்தது ஒன்றுமில்லை. போனை உங்கள் பக்கம் நீட்டுகிறேன், அவர் லைனில்தான் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், உரக்கச் சொல்லுங்கள்.