ஒட்டுப்பால் வாடை

லைசம்மா வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுளித்தாள். அயர்லாந்திலிருந்து வந்த அவள் பெட்டி இன்னும் ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

"எடா குரியாச்சா, இது என்னடா நாத்தம்?"

"ஒட்டுப்பால் சேச்சி. வியாபாரி வரல, சாக்குல கெடக்கு."

"அதை அப்பச்சன் படுக்கிற சுவரை ஒட்டியா அடுக்குவ?"

"பின்ன எங்க வைக்க? நல்ல ரூமைத்தான் உனக்குன்னு பூட்டி வச்சிருக்கே."

ரப்பர் மரத்தில் பால் வெட்டின பிறகு பட்டைக் கோட்டிலும் பால் வடிகிற சிரட்டை அடியிலும் உறைந்து கிடப்பதைப் பிடுங்கிச் சாக்கில் திணித்தால் அதுதான் ஒட்டுப்பால். ஈரம் பட்டால் செத்த எலியையும் பழைய மீனையும் ஒன்றாக அவித்த மாதிரி வீசும். அதிலேயே புழங்குகிறவன் மூக்குக்கு அது எட்டாது. லைசம்மாவின் தம்பி குரியாச்சனின் சட்டையிலும் தலைமுடியிலும் அந்த வாடை ஊறிக் கிடந்தது. ஒருமுறை அவனைப் பார்க்க வந்த பெண்வீட்டார் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அதன்பின் அவன் பெண் பார்க்கவில்லை. பால்வெட்டுக்காரனுக்கு அந்தப் பக்கத்தில் யாரும் பெண் கொடுப்பதுமில்லை.

அப்பன் உலகன்னானுக்குப் போன வருஷம் வலது பக்கம் இழுத்துக்கொண்டது. கஞ்சி ஊட்டுவது, துடைப்பது, மலம் அள்ளுவது எல்லாம் குரியாச்சன்தான். அருவருப்பு இல்லை என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பீடி பிடித்துவிட்டு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி அள்ளுவான். அள்ளி முடித்ததும் கிணற்றடிக்குப் போய்க் காறித் துப்புவான். மறுநாளும் அள்ளுவான்.

லைசம்மா அப்பன் நெற்றியில் கை வைத்தாள். கை நெற்றியைத் தாண்டிப் போகவில்லை. புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

"கன்னியாஸ்திரீங்க நடத்துற முதியோர் வீட்டுல சொல்லி வச்சிருக்கேன். கொண்டு போயிடலாம்."

"அப்பச்சன் போகமாட்டாரு."

"இந்த நாத்தத்துல நாய் படுக்குமாடா? நாங்க அங்க கெழவங்களை எப்படி வச்சிருக்கோம்னு வந்து பாரு."

"அந்தக் கெழவங்களைப் பிள்ளைங்க வச்சிக்கல, அதனாலதான் உனக்குச் சம்பளம்."

குரியாச்சன் விடவில்லை.

"சாக்கை எடுத்துட்டா நாத்தம் போயிடும். நீ கோயிலுக்குப் போயிட்டு வா. வந்து மோந்து பாரு. நாத்தம் போகலைன்னா அப்பச்சனைக் கூட்டிட்டுப் போ, நான் தடுக்கல. போயிருந்தா அப்பச்சன் இங்கதான்."

"வாக்கு மாறக்கூடாது."

"நீதான் மாறாம இரு."

அவள் தலை மறைந்ததும் சாக்குகளைத் தோளேற்றி, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரைக்குக் கொண்டுபோய்ப் போட்டான். தரையைப் பினாயில் விட்டுத் தேய்த்தான். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான். உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினான். ஏதோ இன்னும் இருந்தது. சாக்கு இருந்தவரை ஒன்றாகத் தெரிந்த நாற்றம், இப்போது தனியே நின்றது. கட்டிலுக்கடியில் டார்ச் அடித்து எலி தேடினான். எலி இல்லை. தலையணையைச் சரி செய்யக் குனிந்தபோது மூக்கில் வந்து அடித்தது.

அப்பன் எப்போதும் வலது பக்கம் சாய்ந்து, ஜன்னல் வழியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டே கிடப்பான். அப்படிக் கிடப்பதுதான் அவனுக்குப் பிடிக்கும். குரியாச்சனும் பின்பக்கமாகவே நின்று துடைத்துவிடுவான். லைசம்மா அனுப்பிய பணத்தில் வாங்கிய காற்று மெத்தையில் படுத்தால் புண்ணே வராது, புரட்டவும் வேண்டாம் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். குரியாச்சன் நம்பிவிட்டான்.

இப்போது புரட்டினான்.

இடுப்பெலும்பின் மேல் சிரட்டை அகலத்துக்குக் கறுத்துக் கிடந்தது. ஓரமெல்லாம் மஞ்சளாக நைந்து, வேட்டியோடு ஒட்டிக்கொண்டு நூலாக இழுபட்டது. அந்தப் பக்கம் மரத்துப் போனதால் கிழவன் முனகக்கூட இல்லை. குரியாச்சனுக்கு அந்த உடம்பைக் கண்டு குமட்டியது. அதைத் தொட்ட தன் கையைக் கண்டு அதைவிடக் குமட்டியது.

போன தடவை லைசம்மா கொண்டுவந்த வாசனைத் தண்ணீர்க் குப்பி ஜன்னலில் இருந்தது. ஒரு பழந்துணியை மடித்துப் புண்மேல் வைத்து, குப்பியைக் கவிழ்த்தான்.

"ஊத்தாதே," என்றான் உலகன்னான், கோணிய வாயால். "கல்யாண வீட்டுல பொணம் கெடக்கிற மாதிரி இருக்கு."

"அப்பச்சனுக்குத் தெரியுமா இது?"

"காலமெல்லாம் ஒட்டுப்பால் சுமந்தவன்டா. அது இப்படி நாறாது."

"வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா கொண்டு போயிடுவீங்க." கிழவன் கண்ணை மூடிக்கொண்டான். "மூடு. அவ வர்றா. மூடுடா."

போர்வையை இழுத்து மூடினான். லைசம்மா வாசலில் நின்று உறிஞ்சினாள். பினாயிலும் சுண்ணாம்பும் வாசனைத் தண்ணீரும் சேர்ந்து அவளை ஏமாற்றின. சிரித்தாள்.

"போயிடுச்சே. சரிடா, நீ ஜெயிச்ச. கன்னியாஸ்திரீங்களுக்குப் போன் பண்ணி வேண்டாம்னுடறேன்."

போனை எடுத்தாள். கிழவனின் நல்ல கை போர்வை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. குரியாச்சனுக்கு அந்தக் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஜெயித்த தன்னை அதைவிடப் பிடிக்கவில்லை.

"சேச்சி, போனை வை," என்றான். "இங்க வந்து பாரு."

அந்தக் கையைப் பிரித்துப் போர்வையைத் தூக்கினான்.

"நாயே," என்றான் அப்பன்.

லைசம்மா சேலையைச் செருகிக்கொண்டு வெந்நீர் கேட்டாள், உப்பு கேட்டாள், வெளுத்த துணி கேட்டாள். பல வருஷம் அந்நியர் உடம்பைக் கழுவிய கை பழக்கத்தில் கழுவியது. கட்டு போட்டு முடித்து எழுந்து நடந்தாள். பலாமரத்துக்குப் பின்னால் போய் வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வர வாந்தியெடுத்தாள்.

"அங்க எத்தனையோ பாத்திருக்கேன்," என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு. "ஒருநாளும் இப்படி வந்ததில்ல."

"அவங்க உன் அப்பன் இல்லையே."

"மெத்தைக்குக் காசு அனுப்பிட்டு நிம்மதியாத் தூங்கினேன்டா நான். புரட்டுறியான்னு ஒரு வார்த்தை கேட்டேனா?"

"கேட்டிருந்தாலும் புரட்டுறேன்னுதான் சொல்லியிருப்பேன்."

முதலில் ஆஸ்பத்திரி, அங்கிருந்து கன்னியர் வீடு என்று முடிவானது. புண் ஆறினால் பிறகு பார்ப்போம் என்றாள் லைசம்மா. விடியுமுன் மரத்துக்குப் போகிறவன் ராத்திரியெல்லாம் யாரைப் புரட்டுவான் என்று குரியாச்சனும் கேட்டுக்கொண்டான்.

ஜீப்பின் பின்சீட்டில் அப்பன் தலை குரியாச்சன் மடியில். ரப்பர் தோட்டம் முடியும்வரை கிழவன் அவனைப் பார்க்கவில்லை. வளைவில் வண்டி குலுங்கியபோது முகம் அவன் சட்டையில் அழுந்தியது.

"இதான்டா ஒட்டுப்பால்," என்றான் கிழவன். "இப்ப தெரியுதா?"

குரியாச்சன் தன் சட்டையை மோந்து பார்த்தான். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகத் தெரிந்தது. சகிக்கவில்லை.

"தெரியுது," என்றான். தலையை வெளியே நீட்டி வாந்தியெடுத்தான். மடியில் இருந்த தலை ஆடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான்.