நாற்பத்தொன்றாவது பாட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இங்கிலாந்தின் சுரங்க ஊரான பார்ன்ஸ்லியில், குடிக்கவும் பாட்டுக் கேட்கவும் கூடும் தொழிலாளர் மன்றத்தில் இருந்தவர்கள்: சுரங்கத் தொழிலாளர்கள் எண்பது பேர், பாதிப்பேரின் மனைவிமார், ஆர்கன் வாசிக்கும் ஐரிஸ், கச்சேரிச் செயலாளர் ஹெட்லி, மேடையில் கிளிஃபர்ட்.

எட்டு வருஷத்துக்கு முன் அவன் மேடைப் பெயர் சில்வன் ஸ்டார். இமையில் ஜிகினா, வெள்ளி உடுப்பு, அரையடி உயரச் செருப்பு. அவன் எழுதிய ஒரு பாட்டுக்கு நாடே காலை உதைத்து ஆடியது. பிறகு எழுதிய முப்பத்தொன்பதை யாரும் சீண்டவில்லை. நாற்பத்தொன்றாவது, நெஞ்சில் நிலக்கரித் தூசு அடைத்துச் செத்த அவன் அப்பாவைப் பற்றியது. அதைச் சுரங்கக்காரர்கள் முன்னால்தான் பாடவேண்டும் என்று பிடிவாதம். இங்கேயும் எடுபடாவிட்டால் எழுதுவதையே விட்டுவிடுவதாக இருந்தான்.

முதல் பாதியில் மூன்றாவதாக அதை எடுத்தான். இரண்டாவது சரணத்தில் ஹெட்லி மைக்கை வாங்கிக்கொண்டார். மன்றத்தில் அது வழக்கம்தான்.

"பன்னிக்கறி பை வந்தாச்சு! சூடு ஆறுறதுக்குள்ள வரிசைல வாங்க!"

கறி அடைத்த அந்த மாவுப் பண்டத்துக்கு எல்லோரும் வரிசை கட்டிவிட்டார்கள்; மைக் திரும்பி வந்தபோது எதிரே வெறும் முதுகுகள்.

இடைவேளையில் ஹெட்லி அவன் உடை மாற்றும் அறைக்குள் எட்டிப் பார்த்தார். "தம்பி, அந்தச் சாவுப் பாட்டு வேணாம். பழசப் பாடு, ரெண்டு தடவகூடப் பாடு. இல்லன்னா பாதிச் சம்பளம்தான்."

"எங்கப்பாவும் குழிக்குள்ள எறங்குனவருங்க."

"எங்கப்பாவும்தான். அத மறக்கத்தான இங்க குடிக்க வர்றோம்?"

இடைவேளையில் ஆடும் பிங்கோ எண் சூதாட்டம் முடிந்தது. கிளிஃபர்ட் அதுவரை போட்டிருந்த பழைய வெள்ளி உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழுப்பு ஸ்வெட்டரோடு மேடையேறி அதே பாட்டை முதலிலிருந்து தொடங்கினான்.

"யாருய்யா செத்தது?" என்றது ஒரு குரல்.

"இவன் பொழப்புதான்!"

கூடம் சிரித்தது. ஹெட்லி மைக்கை அணைத்தார். ஐரிஸ் ஆர்கனிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அடுத்த ஞாயிறும் அவளுக்கு வேலை வேண்டும். அவன் வெறும் தொண்டையில் பாடினான். முன் மேசையில் ஒருத்தி, "சும்மா இருங்க, கேக்கணும்" என்று புருஷனை அதட்டினாள். பாட்டு முடிந்தபோது அவள் மட்டும் கைதட்டினாள். புருஷன் கோப்பைக்குள் பார்த்தபடி இருமிக்கொண்டிருந்தான்.

பின்வாசலில் ஹெட்லி பாதிச் சம்பளத்தைக் கையில் திணித்தார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமைக்கு ஆகாது."

"வேற எங்கங்க பாடுறது?"

"எனக்கெப்படித் தெரியும்? அடுத்தத எழுதிட்டு வா, பாக்கலாம். காலராவப் பத்தி எழுது, கல்லறையப் பத்தி எழுது, ஆனா சிரிக்கிறமாதிரி எழுது."

"அப்படி வராதுங்க."

"அப்ப ஒனக்கு வர்றமாதிரியே எழுது, போ."

அவன் மழைக்குள் இறங்கினான். ஹெட்லி கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து பூட்டினார்.