குடிலுக்குப் பனி

பினாங்கில் குளிர்காலமாவது, மண்ணாங்கட்டியாவது! டிசம்பரில் நாலு நாள் விடாமல் மழை பெய்தால் ஜெலுத்தோங் அடுக்குமாடியில் துணி காயாது, அவ்வளவுதான் குளிர். ஆனால் இராயப்பன் குடும்பத்துக்கு அது போதும். வருஷம் முழுக்க அலமாரியில் கிடந்த சுவெட்டரை அவர் எடுத்து மாட்டிக்கொண்டு வேர்த்து வழிவார். அவர் மனைவி சவுந்தரம் அச்சு முறுக்கு சுடுவாள். மகள் கிறிஸ்டல் ஒரு சுருள் பஞ்சு வாங்கிவந்து கிறிஸ்மஸ் குடிலின் கூரையிலும் ஒட்டகத்தின் முதுகிலும் பனி பெய்ய வைப்பாள். பஞ்சு வேலை அவளுடையது, வேறு யாரும் தொடக்கூடாது.

இந்த வருஷம் குடில் மொட்டையாக நின்றது. ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் தன்னோடு வேலை செய்யும் மலாய்ப் பையன் ஹைக்கலைக் கல்யாணம் செய்துகொண்டு கிறிஸ்டல் ஜூன் மாதமே இஸ்லாத்துக்கு மாறிவிட்டாள். அன்றிலிருந்து இராயப்பன் மகள் பேரை வாயில் எடுப்பதில்லை. சவுந்தரம் போனில் அவளோடு பேசினால் எழுந்து அறைக்குள் போய்விடுவார். பெரிய வைராக்கியம்!

சவுந்தரம் சும்மா இருப்பாளா? மாதா கோயில் பாட்டுக் குழு கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாக வரும் சாயங்காலம் பார்த்து மகளை வரச் சொன்னாள்.

"பாட்டு ஆரம்பிச்சதும் கூட்டத்தோட கூட்டமா உள்ள வந்துரு. நாலு பேர் முன்னால அப்பா வாயத் தொறக்க மாட்டாரு. ஒரு தடவ வந்து உக்காந்துட்டீன்னா போதும்."

"பஞ்சு வாங்கிட்டு வரவாம்மா?"

"வாங்கிட்டு வா. நான் தொடல."

போனை வைக்குமுன் கிறிஸ்டல் கேட்டாள்: "அப்பா சுவெட்டர் போட்டுட்டாரா?"

அந்தச் சாயங்காலமும் மழை தூறியது. இராயப்பன் அறைக்குள் படுத்திருந்தார். சவுந்தரம் தட்டு நிறைய அச்சு முறுக்கு அடுக்கி, கதவை விரியத் திறந்து வைத்தாள். ஹைக்கல் மோட்டார் சைக்கிளோடு கீழே நிற்க, கிறிஸ்டல் மட்டும் மேலே ஏறிவந்து படிக்கட்டு ஓரம் ஒதுங்கி நின்றாள். தலையில் முக்காடு, கையில் பஞ்சுப் பை. அம்மாவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

பக்கத்து வீட்டில் கித்தார் ஓய்ந்தது. சவுந்தரம் சேலையைச் சரிசெய்துகொண்டாள். பாட்டுக் குழு வெளியே வந்தது. அவள் வாசலைத் தாண்டி, அவளைப் பார்க்காமலே மேல்மாடிப் படிக்கு நடந்தது.

சவுந்தரம் முறுக்குத் தட்டோடு வெளியே ஓடினாள். "மரியதாஸ் அண்ணே, எங்க வீட்ட மறந்துட்டீங்களா?"

குழுத் தலைவர் மரியதாஸ் திரும்பி வந்தார். முகத்தைப் பார்க்க முடியாமல் தட்டைப் பார்த்தார். "மறக்கலக்கா. சாவு விழுந்த வீட்டுல அந்த வருஷம் பாடறதில்லையே."

"யாரு செத்தா?"

"இராயப்பன் அண்ணன்தான் கோயில்ல சொன்னாரு. பொண்ணு செத்துப்போச்சு, எங்க வீடு துக்க வீடு, வராதீங்கன்னு. நான் என்ன பண்றது லா..."

சொல்லி முடிப்பதற்குள் அவர் கண் படிக்கட்டு ஓரத்துக்குப் போனது. குழுவே அங்கே திரும்பியது. போன வருஷம் வரை அவர்களோடு முன்வரிசையில் பாடியவள் சுவரோடு சுவராக நின்றாள்.

கிறிஸ்டல் அழவில்லை. வந்து அம்மா கையில் பஞ்சுப் பையைக் கொடுத்தாள்.

"நீயே வச்சிரும்மா. ஒட்டகத்துக்கு மேல கொஞ்சமா வை, விழுந்துரும்."

"கிறிஸ்டல், உள்ள வாடி."

"எப்படிம்மா வருவேன்?" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கீழே மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது.

சவுந்தரம் அறைக்குள் போனாள். இராயப்பன் சுவெட்டரோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"எல்லாரும் போயிட்டாங்களா?"

சவுந்தரம் பையைக் கிழித்துப் பஞ்சுச் சுருளை அவர் நெஞ்சின்மேல் போட்டாள்.

"உங்க மக வாங்கிட்டு வந்தா. செத்தவ மூக்குல வைக்கப் பஞ்சு வேணும்ல, எடுத்துக்குங்க."

அவர் எழவில்லை, பஞ்சைத் தள்ளவும் இல்லை. மேல்மாடியில் கித்தார் மறுபடி ஆரம்பித்தது. சவுந்தரம் போய் வாசல் கதவைச் சாத்தினாள்.