ஒரு சாண் தூரம்

பல் டாக்டரம்மாவின் தலைமுடி பதினொரு மணிக்குத் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது. பதினொன்றரை மணிக்குத் தோளுக்குக் கீழே ஒரு சாண் இறங்கியிருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை, வெளியே லேசான தூறல். கண்ணாடியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்த டாக்டரம்மா, பன்னிரண்டு மணிக்கு ஒருவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்ததால், வளர்ந்ததையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுநாள் நூலகத்தில் வேலை பார்க்கிறவளுக்கு ஒரு சாண், வியாழக்கிழமை இரண்டு நர்சுகளுக்கு ஆளுக்கொரு சாண். மாதம் முடிவதற்குள், தெருமுனையில் இருக்கும் அந்த முடி அலங்காரக் கடையில் ஈரத் தலையோடு உட்கார்ந்து எழுந்தால் ஒரு சாண் கூடும் என்பது ஊருக்கே தெரிந்துபோயிற்று. கடைக்காரிக்குக் காத்துக்காரி என்று பெயர் வந்தது. சீப்பு விற்கிறவர் பெரிய பல் சீப்பாகப் பார்த்து வாங்கிப் போட்டார். மூன்று தெருக்களில் சாக்கடை அடைத்துக்கொண்டதால் நகராட்சி வலை போட்டது. வழுக்கைத் தலையர்களும் வரிசையில் நின்று பார்த்தார்கள். இருப்பதைத்தான் நீட்ட முடியும், இல்லாததை என்ன செய்வது என்று அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

விஷயம் தெரிந்தவர்கள் வந்து அவளுடைய டிரையரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எங்கும் கிடைக்கிற சாதாரண டிரையர். பிடியில் ஒரு விரிசல், அதன்மேல் கறுப்பு டேப். இரவல் வாங்கிப் போனவர்கள் கையில் அது வெறும் சூடான காற்றைத்தான் ஊதியது. முடி வேரிலிருந்து வளர்வது, மேலே அடிக்கிற காற்றுக்கும் வளர்ச்சிக்கும் சம்பந்தமே இல்லை, சூடு அதிகமானால் நுனி பிளந்து உடைவதுதான் மிச்சம் என்று ஒரு தோல் மருத்துவர் கடையிலேயே உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னார். அவர் சொன்னது முழுக்க உண்மை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கும் ஒரு சாண் வளர்ந்தது. காத்துக்காரியும் அதைத்தான் சொல்லி வந்தாள். முடி தன் பாட்டுக்கு வளரத்தான் பார்க்கிறது, நாம் உடைக்காமல் இருந்தால் போதும் என்பதற்கு மேல் அவளுக்கு வித்தை ஒன்றும் தெரியாது. ஈரத்தைத் துண்டால் தேய்க்க மாட்டாள், ஒற்றி எடுப்பாள். முக்கால் பங்கு தானாகக் காயும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பாள். பிறகு டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, நடுத்தரச் சூட்டில், வேரிலிருந்து நுனிக்கு, கையை ஓரிடத்தில் நிறுத்தாமல் கொண்டுபோவாள். கடைசியில் கொஞ்சம் குளிர்ந்த காற்று. அந்த அரை மணி நேரத்தில் வாடிக்கையாளர்கள் வீட்டு விவகாரம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிடுவார்கள். அதற்காகவே கடையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது: நாற்காலியில் கேட்டதை நாற்காலியிலேயே விட்டுவிட வேண்டும். நடுத்தெருவில் சொன்னவரே எதிரே வந்தாலும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

இவ்வளவு கைராசி இருந்தும் வீட்டுக்காரர்களுக்கு அது உதவவில்லை. அவளுடைய கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கல்யாணமான புதிதில் தினமும் அவர் தலையை ஆசை ஆசையாகக் காய வைத்தாள். மூன்றாம் வருடம் காய வைக்க அங்கே ஒன்றும் பாக்கியில்லை. மனிதர் வாய் திறந்து குறை சொல்லாமல் ஒரு தொப்பி வாங்கிக்கொண்டார். கடையில் நேரம் குறித்துக் கொடுக்கிற நாத்தனாரின் கதை இன்னும் தெளிவானது. ஏதோ ஒரு மிக்ஸி விவகாரத்தில் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஆறு வருடம் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே கடையில் நின்றுகொண்டு குறிப்புப் புத்தகத்தில் எழுதி எழுதியே காலத்தை ஓட்டினார்கள். அந்த ஆறு வருடமும் காத்துக்காரி கடமைக்காக நாத்தனாரின் தலையை உலர்த்தி வந்தாள். முடி குதிகாலைத் தொட்டது. பிறகு காத்துக்காரியின் மகளுக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், வராந்தாவில் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அதிலிருந்து வாரத்துக்கு நாலு விரல் வீதம் கருகி, நாத்தனாரின் முடி காதோடு நின்றது. மறுபடியும் உங்களோடு சண்டை போட்டுக்கொள்ளட்டுமா அண்ணி என்று நாத்தனார் அவ்வப்போது கேட்பாள். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

குருவி என்று வீட்டில் கூப்பிடப்படுகிற அந்த மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது வயது பன்னிரண்டு. உயிர் தங்கியது, முடி தங்கவில்லை. திரும்பக் கட்டைவிரல் நீளத்துக்கு முளைத்தது, அதோடு நின்றது. ஊர் முடியெல்லாம் வளர்த்துவிடுகிறவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் சமையலறையில் மகளை முக்காலியில் உட்கார வைத்து, அதே டிரையரை, அதே சூட்டில், அதே ஒரு சாண் தூரத்தில் பிடிப்பாள். தொடங்கிய சற்று நேரத்தில் கருகல் வாசனை வந்துவிடும். ஒரு சாண் இல்லை அண்ணி, நாலு விரல்தான் இருக்கிறது என்று நாத்தனார் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அளவுகோல் வைத்துப் பார்த்தார்கள். அளவுகோல் ஒரு சாண் என்றது, கண் நாலு விரல் என்றது. ஒரு சாண் குச்சியை டிரையரின் மூக்கில் கட்டினார்கள். மகளின் தலைக்கு நேரே போனதும் குச்சியும் குட்டையாயிற்று. மகளை எவ்வளவு தூரத்தில் வைத்துப் பிடிப்பது என்று தெரியாத கை அது. ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிறகு, தள்ளி நிற்க அதற்கு மறந்துபோயிருந்தது. இரண்டு வருடம் இப்படியே போயிற்று. குருவி பள்ளிக்கூடத்துக்குக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு போனாள். ஒரு நாள் யாரோ அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தார்கள். அதை அவள் வீட்டில் சொல்லவில்லை.

நாத்தனார்தான் யோசனை செய்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை குறிப்புப் புத்தகத்தில், நாலரை மணி, புது ஆள் என்று எழுதினாள். நாலரைக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது குருவி. தலை நனைந்திருந்தது, கையில் தொப்பி. வீட்டில் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கவில்லையா என்று கேட்கப்போன காத்துக்காரி, மகள் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் கை கோத்துக்கொண்டதைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள். நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் புத்தகத்தைப் பார்த்தாள். நேரம் குறித்துக்கொண்டு வந்தவரைத் திருப்பி அனுப்புகிற பழக்கம் அந்தக் கடையில் கிடையாது. காத்துக்காரி போர்வையை உதறி மகளின் கழுத்தைச் சுற்றிக் கட்டினாள், துண்டை எடுத்து ஒற்றினாள், புதிதாக வருகிறவர்களிடம் கேட்பதைக் கேட்டாள்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்குங்க?"

"ரெண்டு வருஷமா."

"வீட்ல என்ன சொல்றாங்க?"

குருவி கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். "அம்மா எப்பவும் என் தலையைத்தான் பாக்குறாங்க. என்கிட்ட பேசும்போதும் தலைகிட்டதான் பேசுறாங்க. நான் ஸ்கூலுக்குப் போய் பதினேழு நாள் ஆச்சு. பஸ் ஸ்டாண்டுல உக்காந்துட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுவேன்."

டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. நாத்தனார் பேனாவை மூடினாள். காத்துக்காரியின் கை சட்டென்று முன்னால் போகப் பார்த்தது. இது வாடிக்கையாளர், இது வாடிக்கையாளர் என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லி அதைப் பின்னுக்கு இழுத்தாள். அது எவ்வளவு கடினமாக இருந்தது என்றால் அவளுடைய தோள்பட்டை மறுநாள்வரை வலித்தது.

"அம்மாகிட்ட சொல்லலாமில்லங்க?"

"சொன்னா அழுவாங்க. அப்புறம் நான்தான் அவங்களைச் சமாதானப்படுத்தணும்."

காத்துக்காரி அழவில்லை. வாடிக்கையாளர் முன்னால் அழுகிறவள் இல்லை அவள். தலையைக் கொஞ்சம் குனிந்துகொள்ளச் சொல்லி, பிடரிப் பக்கம் காற்றைக் கொண்டுபோனாள். பிறகு, ஒரு வாடிக்கையாளருக்கும் இதுவரை சொல்லாததைச் சொன்னாள்.

"எனக்கும் உங்க வயசுல ஒரு பொண்ணு இருக்காங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி போயிடுவான்னு நினைச்சேன். இன்னும் அந்தப் பயத்துலேயே நிக்கிறேன். அவ எந்திரிச்சு வந்துட்டா, நான்தான் இன்னும் அங்கேயே உக்காந்திருக்கேன்."

குருவி தலை நிமிரவில்லை; போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். குளிர்ந்த காற்று ஊதி முடித்தபோது முடி ஒரு விரல் அகலம் வளர்ந்திருந்தது. மற்றவர்களைப் போல ஒரு சாண் இல்லை. முழுக்க வேற்று ஆளாகிவிடக் காத்துக்காரியால் முடியவில்லை, அவ்வளவுதான். அன்று மாலை வீட்டில் சாப்பாடு போடும்போது பஸ் ஸ்டாண்டு என்கிற சொல் காத்துக்காரியின் நாக்கு நுனிவரை பலமுறை வந்து வந்து திரும்பிப் போயிற்று. நாற்காலியில் கேட்டது நாற்காலியில். அவள் மகளின் முகத்தைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சாதம் போடவா என்று மட்டும் கேட்டாள். பதினெட்டாம் நாள் காலை குருவி பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மூன்றாம் மாதம் தொப்பியைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். அவர் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டையும் போட்டுக்கொண்டு லிஃப்ட் பழுது பார்க்கப் போனார்.

அதற்குப் பிறகு ஏழு வருடம் செவ்வாய்க்கிழமை நாலரை மணி குருவியுடையது. கடையில் நீங்க, வீட்டில் நீ. பரீட்சையில் தோற்றது, சைக்கிள் கடைக்காரர் மகனைப் பிடித்திருந்தது, ஆறு மாதத்தில் பிடிக்காமல் போனது, அம்மா வைக்கிற குழம்பில் எப்போதும் உப்புக் குறைவு என்பது, எல்லாம் அந்த நாற்காலியில் சொல்லப்பட்டன. உப்பு விஷயத்தில் மட்டும் கட்டுப்பாடு லேசாக மீறப்பட்டது. முடி இடுப்பைத் தொட்டது. தாண்டும்போதெல்லாம் நுனியை வெட்டிவிட்டார்கள். அப்படியொரு அடர்த்தி, அப்படியொரு கறுப்பு, பிளந்த நுனி ஒன்றுகூட இல்லை. கடைக்கு வருகிறவர்கள் கண் வைத்துவிடப்போகிறார்கள் என்று நாத்தனார் பயந்தாள். காத்துக்காரிக்கு அந்தக் கூந்தலில் பெருமை உண்டு. ஆனால் வீட்டில் அதன் பக்கமே கையைக் கொண்டுபோக மாட்டாள். கூடத்தில் மகள் தலைவிரித்துப் படித்துக்கொண்டிருந்தால் சுற்றிக்கொண்டு போவாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஏழு வருடம் அவள் தன் மகளின் தலையைத் தடவிப் பார்க்கவில்லை. அதில் அவளுக்கு இருந்த ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல.

இருபத்தொன்றாம் வயதில் குருவிக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அதையும் முதலில் நாற்காலியில்தான் சொன்னாள். வாழ்த்துகள்ங்க, நல்லா இருங்க என்றாள் காத்துக்காரி. ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு ரயில். அன்று காலை குருவி தலைக்குக் குளித்துவிட்டு, இடுப்புவரை நீர் சொட்டச் சொட்டச் சமையலறைக்கு வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் டிரையர்.

"அம்மா, நீ காய வை."

"கருகிடும்டி."

"கருகட்டும்."

காத்துக்காரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். துண்டால் ஒற்றக்கூட அவளுக்குப் பொறுமையில்லை. மகளின் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, விரல்களை உள்ளே விட்டு, டிரையரை எவ்வளவு கிட்டத்தில் பிடிக்க ஆசையோ அவ்வளவு கிட்டத்தில் பிடித்தாள். அழுதாள், குருவி சமாதானப்படுத்தவில்லை, சாய்ந்துகொண்டாள். வாசலில் ஆட்டோ வந்து இரண்டு முறை ஹாரன் அடிக்கும் நேரத்துக்குள் இடுப்பு முடி முதுகுக்கும், முதுகு முடி தோளுக்கும், தோள் முடி காதுக்கும் வந்து சேர்ந்தது. அப்பா பெட்டியைத் தூக்கினார். அத்தை சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்து, குட்டை முடியும் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள்.

ரயில் கிளம்பிச் சற்று தூரம் போனதும், பக்கத்து இருக்கை அம்மாள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, ஏதோ கருகின வாசனை வருகிறதே என்று சுற்றும் முற்றும் பார்த்தார். என் தலைதாங்க, எங்கம்மா காய வச்சாங்க என்றாள் குருவி. அப்படியா என்று சொல்லி அந்த அம்மாள் ஜன்னலைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டார்.